பேத்தைச் சினை

அந்த ஞாயிற்றுக்கிழமை மீனை வாங்கியவர் என் கணவர். முள்ளியவளையில் எங்கள் படலையடிக்குச் சைக்கிளில் வந்த ஒரு புது ஆள், தோலுரித்துத் துண்டுகளாக வெட்டி விற்றார். தலையுமில்லை, தோலுமில்லை, என்ன மீனென்று எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கூடவே சினையும் கொடுத்தார். எனக்குச் சினையென்றால் போதும். பொரித்து முழுவதையும் நானே சாப்பிட்டேன். கணவருக்கு அன்று வயிறு சரியில்லை; பருப்போடு நிறுத்திக்கொண்டார்.

கோப்பை கழுவும்போது உதடு விறைத்தது. பிறகு நாக்கு. மிளகாய் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். விரல்களும் விறைக்க, கோப்பை விழுந்து உடைந்தது. "இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டேன், குரல் குழறியது. ஓட்டோவில் ஏற்றும்போது கால்கள் துவண்டு தொங்கின. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சை இழுக்கப் பார்த்தேன். நெஞ்சு எழும்பவில்லை.

தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினால் மூச்சுக் கொடுத்தார்கள். என்ன சாப்பிட்டேன் என்று டொக்டர் கேட்க, கணவர் அழுதழுது சொன்னார். பக்கத்தில் நின்ற தாதி, கரையோரத்து ஆள் போலும், "சினையோ? டொக்டர், இது பேத்தையாத்தான் இருக்கும், நஞ்சு மீன். வலையில வந்தா எங்கட ஆக்கள் அதைக் கடலுக்கைதான் திருப்பி எறியிறவை" என்றார்.

எல்லாம் கேட்டது. இமையைத்தான் திறக்க முடியவில்லை.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள் நான். நரம்புக்கலம் மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். அந்தப் பொற்றாசியத்தில் கொஞ்சம் மென்சவ்வு வழியே கசிந்து வெளியேறும். அதனால் கலத்தின் உட்புறம் எப்போதும் மறை மின்னேற்றத்துடன் இருக்கும். செய்தி ஓடவேண்டுமானால் சோடியத்தின் கதவுகள் திறக்கவேண்டும். பேத்தையின் நஞ்சு அடைப்பது அந்தக் கதவுகளைத்தான். அப்படியென்றால் என் நரம்புகள் சாகவில்லை. ஒவ்வொரு கலமும் தன் ஏற்றத்தை விடாமல் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. செய்தி மட்டும் போகவில்லை. எத்தனையோ தடவை படம் கீறி விளங்கப்படுத்திய விஷயம். அதற்குள்ளேயே அகப்பட்டுக் கிடப்பேன் என்று யார் கண்டது?

கட்டிலடியில் மச்சாளின் குரல் கேட்டது. கணவரின் அக்கா. "கண்ணும் அசையேல்ல, தம்பி. ஆள் முடிஞ்சுது. கொழும்பில இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிப்போடு."

நான் இருக்கிறன், நான் இருக்கிறன் என்று உள்ளுக்குள் கத்தினேன். கணவர் அதை மறுக்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

தாதிதான் அதட்டினார். "அம்மா, அப்பிடிக் கதையாதேங்கோ! அவாவுக்கு எல்லாம் கேக்கும். அண்ணை, நீங்கள் கிட்டப் போய் ஏதும் கதையுங்கோ."

கணவர் என் காதருகே குனிந்தார். என்ன கதைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "ஆட்டுக்குக் குழை கட்டேல்ல... மழை வரும் போல. நல்லகாலம், வயலுக்குப் பசளை எறியேல்ல..." கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரேயடியாக அவ்வளவு கதைத்ததில்லை. குரல் கட்டும்வரை கதைத்தார்.

அடுத்த நாள் காலை என் சுட்டுவிரல் அசைந்தது. "டொக்டர், அசையுது! அசையுது!" என்று அவர் கத்தியதில் ஆஸ்பத்திரி வாட்டே எழும்பியது.

மீன் விற்றவரைப் பிறகு நாங்கள் காணவேயில்லை.

குழாயை எடுத்த பின் மச்சாள் சூப்போடு வந்தார். "பிள்ளை, எங்களை நல்லாப் பயப்படுத்திப் போட்டீர்."

"நீங்கள் கதைச்சது கேட்டது, மச்சாள்."

அவர் சூப்பை மேசையில் வைத்தார். "எல்லாமோ?"

"ஓம். எல்லாம்."

கதிரையில் பொத்தென்று இருந்தவர், என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.