மிச்சம் வைத்த சீட்டு

தெராவோவிடம் போய் வீடியோ கேமைப் பற்றி அபிப்பிராயம் கேட்கக் கூடாது. கேட்டவரின் பீர் குளிர்விட்டுப் போகும், பேச்சு முடியாது. ஜப்பானில் அமகசாகி நகரக் கடைவீதியில் ஒரு சலவைக்கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவர் அவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் மேசையில் தாளம் போடும். தூக்கத்தில்கூடக் கட்டைவிரல் எதையோ அழுத்துகிறது என்பது அவர் மனைவி தோமொயேயின் புகார்.

"கஷ்டம் வேற, அநியாயம் வேற" என்று ஆரம்பிப்பார். "அடிக்கிறவன் முதல்ல கையை ஓங்கணும். ஓங்கறது என் கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சும் அடி வாங்கினா அது என் தப்பு. ஓங்காமலே அடிச்சா அது கேம் இல்ல, வழிப்பறி." எதிரியின் உயிரை மட்டும் நீட்டிவைத்துவிட்டுக் கஷ்டமான கேம் என்று விற்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது சண்டையா? அரிசி மூட்டையத் தூசு தட்டற வேலை." ஆட ஆடத் தானாகப் பலம் ஏறுகிற கேம்களையும் மதிக்க மாட்டார். "அதுல பொம்மைதான் வளருது, ஆள் அப்படியேதான் இருக்கான்."

அவர் ஒப்புக்கொண்ட கேம் ஒன்றே ஒன்று. சுகினோ அம்மாள் நடத்தும் கேம் சென்டரின் மூலையில், காசு போட்டு ஆடும் மெஷினாக நிற்கும் 'செந்நரிக் கோபுரம்'. முகமூடி போட்ட வாள்காரி எரிகிற கோபுரத்தில் மாடி மாடியாக ஏற வேண்டும். உச்சியில் ஒன்பது வால் நரி. வசமாக மாட்டிக்கொண்டால் கிழித்துப் போட்டு எதிரியைப் பொசுக்க மூன்று மந்திரச் சீட்டுகள் உண்டு. செத்தால் திரை பத்திலிருந்து இறங்குமுகமாக எண்ணும். அதற்குள் இன்னொரு காசு போட்டால் மூன்று சீட்டும் புதிதாகக் கைக்கு வரும், விழுந்த இடத்திலிருந்தே எழுந்து ஆடலாம்.

தெராவோ வட்டத்தில் யாரும் அந்த இரண்டாவது காசைப் போட மாட்டார்கள். ஒரே காசில் முடித்தால்தான் முடித்ததாகக் கணக்கு, மற்றதெல்லாம் லஞ்சம். முடிவைப் பார்க்காதவன் காதில் முடிவைச் சொல்வது அதைவிடப் பெரிய பாவம். குடித்துவிட்டு மாமியார் ரகசியத்தை எல்லாம் கொட்டுகிறவன்கூட அதை மட்டும் சொல்ல மாட்டான்.

இருபது வருஷமாக தெராவோ நரி வரைக்கும் போகிறார். நரியைத் தாண்டியதில்லை. அடுத்த அடி இதைவிட மோசமாக இருக்கும், அதற்கு வைத்துக்கொள்வோம் என்று கடைசிச் சீட்டைக் கிழிக்காமலே சாவார். கட்டிப்பிடித்த சாவு என்று அங்கே அதற்குப் பெயர். புதிதாக வருகிறவர்களை அதற்காகத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தான் மட்டும் திருந்த மாட்டார்.

இப்போது மணிக்கட்டு வீங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு இஸ்திரி போடலாம், படபடவென்று கேம் குச்சியைத் திருப்புவது நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஞ்சியது இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இது போதாதென்று இன்னொரு முள். அதே கேம் போன மாதம் வீட்டு டிவிக்கு வந்தது, சுலப முறையோடு. தோமொயே வாங்கிவிட்டாள். "பல்லு பிடுங்கின நரி" என்று அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் அணைந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நரி செத்துடுச்சுங்க" என்றாள்.

"சுலப முறையிலதானே?"

"எந்த முறையில செத்தா என்ன? செத்தது செத்ததுதானே."

அன்றிலிருந்து தெராவோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனக்குத் தெரியாத முடிவு தினமும் சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறது. கேட்க மானம் விடவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன?

ஞாயிறு மத்தியானம் அவரோடு அவளும் வந்தாள். அவர் வட்டத்தில் ஒருவனான, வெல்டிங் வேலை பார்க்கும் கிதாமி ஏற்கெனவே நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். ஆடுகிறவர் கை குச்சியை விட்டு எழும்வரை பின்னால் நிற்பவர்கள் பேசக் கூடாது. சுகினோ அம்மாள்கூடச் சில்லறை டப்பாவைக் குலுக்காமல் வைத்தாள்.

தெராவோ நன்றாகத்தான் ஆடினார். நரியின் எட்டு வால் போயிற்று. மணிக்கட்டு தீயாக எரிந்தது. நரி பாதத்தைத் தூக்கியது. தூக்கியதை அவர் பார்த்தார். இதற்கா சீட்டு, இன்னும் பெரிதாக வருமே என்று ஒரு கணம் யோசித்தார். அவ்வளவுதான். வாள்காரி சுருண்டு விழுந்தாள், கையில் ஒரு சீட்டோடு. தெராவோவின் கை குச்சியை விட்டு நழுவியது.

"ஐயோ, சீட்டு!" என்று கிதாமி தலையில் கை வைத்தான்.

பத்து. ஒன்பது.

"காசு போடுங்க" என்றாள் தோமொயே.

"மாட்டேன்" என்றார். "நீதான் பாத்துட்டியே. வீட்டுக்குப் போனதும் நீயே சொல்லிடு."

"நான் எங்க பாத்தேன்?"

"என்னது?"

"நரி விழுந்துச்சு, திரை வெள்ளையாச்சு. டிவிய அணைச்சுட்டேன். இத்தன வருஷமா நீங்க பாக்காதத நான் மட்டும் எப்படிங்க பாக்கறது?"

நான்கு.

தெராவோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளைப் பார்த்துப் பொருமிக்கொண்டே சாப்பிட்ட சோறெல்லாம் நினைவுக்கு வந்தது. சட்டென்று எழுந்து பையைத் துழாவினார்.

"உக்காரு!"

"நானா?"

"என் கையால முடியாது. உக்காருன்னா!"

அவரே காசைத் தள்ளினார். எண் ஒன்றில் நின்றது. வாள்காரி எழுந்தாள். நரி பாதத்தை அசைக்கக்கூட இல்லை, தோமொயே மூன்று சீட்டையும் வரிசையாகக் கிழித்துப் போட்டாள்.

"அடிப்பாவி, எல்லாத்தையுமா!"

"வேற எதுக்குங்க இருக்கு?"

நரி சரிந்தது. திரை வெள்ளையானது. இன்னும் முடிவைப் பார்க்காத கிதாமி கண்ணியமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோபுர உச்சியில் மழை. வாள்காரி முகமூடியைக் கழற்றினாள். நடுத்தர வயதுப் பெண், களைத்த முகம். படியில் உட்கார்ந்து, இடுப்பு மூட்டையிலிருந்து ஒரு சோற்றுருண்டையை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறு பாதியைத் தின்றாள். இதுதான் முடிவு.

தெராவோவின் கை தோமொயேயின் தோளில் இருந்தது, விரல் தாளம் போடவில்லை. மூக்கை உறிஞ்சினார். "இது கணக்குல சேராது" என்றார்.

"சேர வேணாம், விடுங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"முடிஞ்சுதா? திரும்பலாமா?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்டான் கிதாமி.

"இன்னும் இல்ல, திரும்பாதே" என்றார் தெராவோ. திரை எப்போதோ முதல் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவருடைய வீங்கிய கை மட்டும் தோமொயேயின் தோளிலிருந்து எழவில்லை.