டூகி மெல்ட்ரமைத் திட்ட ஆளில்லாத குளிர்காலம்

கால்பந்து வரலாறு எழுதுகிற பெரியவர்கள் டூகி மெல்ட்ரமைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இதில் சதி ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அவரைத் தெரியாது, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் நான்காவது டிவிஷனில், அதிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் கிர்க்லாரன் ரோவர்ஸுக்குப் பதினேழு சீசன் லெஃப்ட் பேக்காக, அதாவது இடதுபுறத் தடுப்பாட்டக்காரராக, ஆடிய ஒருவரை உலகம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் உலகத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பதினாறு வயதில் கிளாஸ்கோவின் பெரிய கிளப் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. மூன்று வருடம் அங்கே மூத்த ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்தார். மிக நன்றாகத் துடைக்கிறார் என்று வாயாரப் பாராட்டி ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவரை ரோவர்ஸ் சேர்த்துக்கொண்டது. ரோவர்ஸ் சம்பளம் கொடுத்ததால் அவர் தொழில்முறை ஆட்டக்காரர். அந்தச் சம்பளம் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அவர் வார நாட்களில் வீடு வீடாகப் போய் ஹீட்டர் ரிப்பேர் செய்வதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

அவருடைய ஆட்டத்தில் ஒரு மர்மம் இருந்தது. டூகிக்கு வேகம் கிடையாது. ஆரம்பத்திலேயே கிடையாது, எனவே வயதானபோது இழக்கவும் ஏதுமில்லை. ஆடும்போது அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்ததே இல்லை. அப்படியிருந்தும் அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனவர்கள் குறைவு. எதிராளி எங்கே வருவானோ அங்கே இவருடைய இடது கால் முன்கூட்டியே போய்க் காத்திருக்கும்.

எங்கள் மைதானத்தைச் சுற்றி எல்லைக் கோட்டை ஒட்டி ஓர் இரும்புக் கம்பி. அதில் சாய்ந்துகொண்டு டூகியைத் திட்டுவதுதான் எங்கள் சனிக்கிழமை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும், டூகி எதிர்ப்புறக் கோட்டுக்குப் போய்விடுவார். நாங்களும் மட்டன் அடைத்த 'பை' பலகாரத்தைக் கடித்தபடியே மைதானத்தைச் சுற்றி அவர் பின்னாலேயே போவோம். உற்சவ மூர்த்திக்குக்கூட இவ்வளவு விசுவாசமான கூட்டம் அமையாது. கூட்டத்துக்குத் தலைமை, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வாட்டி லம்ஸ்டன். அவருக்குத் துணைக்குரல், டூகியின் சொந்த அப்பா ஹ்யூ.

"டேய் மெல்ட்ரம்! நீ திரும்புறதுக்குள்ள துறைமுகத்துல கப்பலே திரும்பிரும்டா!" என்பார் வாட்டி.

"கப்பலுக்கு மூளை இருக்கு வாட்டி, அதோட இவனைச் சேக்காத!" என்பார் பெற்ற தகப்பன்.

ஒரு நவம்பரில் ஹ்யூ இறந்துபோனார். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால், இப்போதைய வழக்கப்படி, இறந்தவர் நினைவாக ஒரு நிமிடம் கைதட்டினோம். வினை அங்கேதான் தொடங்கியது. ஆட்டம் ஆரம்பித்ததும் டூகி அனுப்பிய முதல் பந்து நேராக எதிரணிக்காரனின் காலடியில் போய் விழுந்தது. கம்பியில் ஒரே அமைதி. பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார். இன்னொருவர், "பரவாயில்ல டூகி, பரவாயில்ல" என்றார். அந்த மைதானத்தில் அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நடுவரே திரும்பிப் பார்த்தார்.

கிர்க்லாரனில் ஒருவரை முகத்துக்கு நேரே பாராட்டினால், டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். நாங்கள் டூகியைக் குளிர்காலம் முழுக்கப் பாராட்டினோம். பந்தைக் கோட்டைவிட்டால் கைதட்டினோம். வழுக்கி விழுந்தால் இன்னும் பலமாகத் தட்டினோம். அவர் ஆட்டம் வாரத்துக்கு வாரம் சரிந்தது. விங்கில், அதாவது மைதானத்து ஓரமாக, ஆடுகிற பையன்கள், சாத்த மறந்த கதவு வழியாகப் போவதுபோல் அவரைக் கடந்து போனார்கள்.

மேனேஜர் ரென்னி, டூகியைவிட இளையவர். கையில் எப்போதும் ஒரு டேப்லெட் கணினிப் பலகை வைத்திருப்பார். பிப்ரவரியில் டூகியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கடைசி ஆட்டம் வரைக்கும் பாக்குறேன் டூகி. அன்னிக்கே அடுத்த சீசன் உண்டா இல்லையான்னு சொல்லிர்றேன்." முப்பத்தாறு வயது லெஃப்ட் பேக்கை வேறு எந்த கிளப்பும் எடுக்காது. வெறும் ஹீட்டர்காரராக ஒரு சனிக்கிழமையைக் கழிப்பது எப்படி என்று டூகிக்குத் தெரியாது.

அந்த வாரம் வாட்டியின் வீட்டு ஹீட்டர் நின்றுபோனது. டூகிதான் போனார். தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றியவர், சட்டென்று கேட்டார்.

"வாட்டி, நான் உங்களுக்கு ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"என்னப்பா இப்படிக் கேக்குற? நீ தங்கமான பையன்."

"பாத்தீங்களா! இதத்தான் சொல்றேன். நீங்க என்னைத் திட்டி மூணு மாசமாச்சு."

வாட்டி சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கிருந்து அவர் மனைவி ஈனா வந்தாள்.

"நான்தான் வேண்டாம்னேன். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைய, கம்பியில தொங்கிக்கிட்டு இந்தக் கிழம் திட்டுறதா? அடக்கம் முடிஞ்சு சாண்ட்விச் சாப்பிடறப்பவே சத்தியம் வாங்கிட்டேன்."

"ஈனா, அவரு திட்டலேன்னா எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றார் டூகி. "'உன் முதுகுல ஒருத்தன் கூடாரம் போட்டுட்டான்டா'ன்னு இவரு கத்துனா, வெளிப்பக்கமா ஆள் வர்றான்னு அர்த்தம். 'தூங்கு மகனே தூங்கு'ன்னு அப்பா கத்துனா, அவன் உள்பக்கமா வெட்டித் திரும்பப்போறான். பதினேழு வருஷமா இதை வெச்சுத்தான் ஆடுறேன். நான் என்னைக்குத் திரும்பிப் பாத்திருக்கேன்?"

வாட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ நான் உனக்கு கோச்சாடா?"

"கோச்சுக்கு கிளப்பு காசு குடுக்கணும். நீங்க காசு குடுத்துட்டு வந்து கத்துறீங்க. உங்களை மாதிரி வருமா?"

ஈனா கொஞ்ச நேரம் யோசித்தாள். ஹீட்டர் வேறு இன்னும் சரியாகவில்லை. "சரி, திட்டிக்கட்டும். ஆனா செத்த மனுஷன் பேரை இழுக்கக் கூடாது."

அனுமதி கிடைத்துவிட்டது. வார்த்தைதான் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை டூகி ஒரு பந்தை விட்டபோது வாட்டி கம்பியைப் பிடித்தார், மூச்சை இழுத்தார், பக்கத்தில் ஹ்யூ சாயும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். "டூகி... கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லாருந்திருக்கும்ப்பா" என்றார். நாங்கள் எல்லோரும் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தோம். மார்ச் முழுக்க இப்படியே போனது.

கடைசி ஆட்டம் வந்தது. மழை. எதிரணியின் வலது விங்கில் வெள்ளை பூட்ஸ் போட்ட ஒரு பொடியன். முதல் பாதியில் அவன் டூகியை இஷ்டப்பட்டபோதெல்லாம் தாண்டினான், ஒருமுறை தாண்டிப் போய் கோலும் போட்டான். நாங்கள் டூகிக்கு ஆறுதலாகக் கைதட்டினோம். நல்லவேளையாக எங்கள் ஆள் ஒருவரின் முழங்காலில் பட்டுப் பந்து எதிர் கோலுக்குள் போனதால் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. மேனேஜர் ரென்னி பலகையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அது நல்லதாக இருக்க வாய்ப்பில்லை.

இரண்டாம் பாதியில் பந்து கோட்டைத் தாண்டி எங்கள் கம்பியில் வந்து மோதியது. வாட்டி குனிந்து எடுத்து, உள்ளே எறிய வந்த டூகியிடம் கொடுத்து, தோளையும் தட்டினார். "மனசத் தளர விடாதப்பா."

டூகி பந்தை வாங்கிக்கொண்டு நின்றார். "வாட்டி, எங்கப்பா உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லுவாரு."

"என்ன சொல்லுவான்?"

"கிர்க்லாரன்ல கடல்கூட நேரத்துக்கு உள்ள வரும், நேரத்துக்கு வெளிய போகும், வாட்டி லம்ஸ்டன் ஓட்டுற பஸ் மட்டும்தான் அது இஷ்டத்துக்கு வரும்னு."

சொல்லிவிட்டுப் பந்தை எறிந்துவிட்டு ஓடிப்போனார். வாட்டியின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. அவர் தொழிலைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவர் முன்னால் சொன்னதில்லை. பின்னால் சொல்லியிருக்கிறோம்.

"நானா? நானாடா லேட்டு? டேய் மெல்ட்ரம்! முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன்டா! உன்னை மாதிரி கோட்டோரமா நின்னு, போறவன் வர்றவனையெல்லாம் சும்மா ஏத்தி விட்டதில்லடா! தாண்டிப் போறவன்கிட்ட டிக்கெட்டாவது கேளுடா, தண்டம்!"

கம்பி முழுக்க ஒரு நொடி திகைத்தது. பிறகு குளிர்காலம் பூராவும் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் உடைத்துக்கொண்டது. "காலை ஹீட்டருக்குள்ளயே வெச்சு மூடிட்டு வந்துட்டியா?" என்றார் ஒருவர். "அந்தப் பொடியனுக்குப் பொண்ணு பாத்து வெச்சிருக்கியா, இவ்வளவு மரியாத?" என்றார் இன்னொருவர். சாதுவான பல் டாக்டர் ஒருவர் சொன்னதையும் நான் சொன்னதையும் அச்சில் ஏற்ற முடியாது.

டூகியின் முதுகு நிமிர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் நீண்ட பந்து ஒன்று எங்கள் பக்கம் வந்தது. டூகி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளை பூட்ஸ் பாய்ந்து வந்தது.

"உன் முதுகுல ஒருத்தன் குடும்பத்தோட குடியேறிட்டான்டா, எருமை!" என்று வாட்டி அலறினார்.

டூகி திரும்பவில்லை. இடது காலை மட்டும் ஈர மண்ணில் வெளிப்பக்கமாக நீட்டினார். பந்து அந்தக் காலோடு நின்றுகொண்டது. பொடியன் மட்டும் தொடர்ந்து பயணம் செய்து கம்பியில் எங்களிடம் வந்து சேர்ந்தான். நடுவர் விசில் ஊதவில்லை. அவ்வளவு சுத்தமான தடுப்பு. பதினேழு வருடத்தில் அதைவிட அழகாக அவர் எதையும் செய்ததில்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்தது, ரோவர்ஸ் பத்து அணிகளின் பட்டியலில் எட்டாவதாக வந்தது. எங்கள் ஊரில் இதை வெற்றி என்போம்.

ஆட்டக்காரர்கள் உடைமாற்றப் போகும் சுரங்கவாசலில் ரென்னி அவரை நிறுத்தினார். "நீ திரும்பிக்கூடப் பாக்கல. அவன் வர்றது எப்படித் தெரிஞ்சுது?"

"அனுபவம்" என்றார் டூகி.

ரென்னி பலகையைப் பார்த்தார், டூகியைப் பார்த்தார், பலகையை மூடினார்.

கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் மழையில் காத்திருந்தோம். டூகி ஈரத் தலையோடு வெளியே வந்தார்.

"இன்னும் ஒரு சீசன் தந்திருக்காங்க."

"ஒரு சீசனா?" வாட்டி தலையில் கை வைத்தார். "நாங்க என்னடா பாவம் பண்ணோம்? அந்த ரென்னிக்குக் கண்ணு கிண்ணு போயிடுச்சா?"

"உடனே கடிதாசு எழுதிக் கேக்கணும்" என்றார் பல் டாக்டர்.

டூகி கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறாமல், நாங்கள் எல்லோரும் ஒரு சுற்று சொல்லி முடிக்கும்வரை மழையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.