யானைமேல் ஒரு பச்சைக் கறை

கன்னையன் கத்தரிக்காய் வாங்க வந்தால் கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கால் கிலோவுக்கு ஒரு கூடையையே புரட்டிவிடுவார் மனிதர். காம்பைத் தூக்கிப் பார்ப்பார், வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பார், பூச்சி இல்லாத காயிலும் பூச்சி வரப்போகிற இடம் அவருக்குத் தெரிந்துவிடும். நல்லவேளை, சித்ரகலாவைப் பெண் பார்க்கப் போனபோது அவர் பனியன் கம்பெனி செக்கிங்கில் சேர்ந்திருக்கவில்லை. சேர்ந்திருந்தால் இன்றுவரை கல்யாணமே ஆகியிருக்காது என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். சித்ரகலாவும் சேர்ந்து சிரிப்பாள்.

ஊத்துக்குளிப் பக்கம் பிறந்தவர். பத்தொன்பது வயதில் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தார். கண் கூர்மையாக இருக்கிறது என்று செக்கிங் மேஜைக்கு மாற்றினார்கள். அங்கேயே இருபத்தேழு வருஷம் ஓடிவிட்டது. ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, வந்து விழும் டி-ஷர்ட்டை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அதற்கு விதி இரண்டே இரண்டுதான். ஓட்டை இருந்தால் ரிஜெக்ட். கறை இருந்தால் ரிஜெக்ட் இல்லை. பக்கத்து மேஜையில் கெமிக்கல் கன்னால் பீய்ச்சிக் கறையை எடுத்துவிட்டால் பீஸ் பாஸ். கறை என்பது துணி இல்லை, துணிமேல் வந்து உட்கார்ந்த வேறொரு சனியன். கன்னையன் சாமியை நம்பினாரோ இல்லையோ, இதை நம்பினார்.

பழங்காசு ஆசை அவருக்கு மழையால் வந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு ஒதுங்கிய கல்யாண மண்டபத்தில் காசுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சதுரச் செம்புக்காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வில்லும் அம்பும். சேரர் காசு, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது என்றார்கள். கன்னையன் மழை விட்ட பிறகும் அங்கேயே நின்றார். நாள் முழுக்க அவர் கை வழியாகப் போகிற எதுவும் இரண்டு வருஷம்கூடத் தாங்காது.

அன்று முதல் மாதம் ஒரு முறை கூடும் காசு சேகரிப்போர் கூட்டத்துக்குப் போனார். அங்கே அவருக்கு நெருக்கமானவர் மகுடேஸ்வரன், அவிநாசியில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர். தேய்ந்தது, நசுங்கியது, பாதி உடைந்தது என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். எந்தச் சேரர் காசைப் பார்த்தாலும் எடை என்ன, யானை எந்தப் பக்கம் பார்க்கிறது, தும்பிக்கை எப்படி என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அவரிடம் ஆல்பம் ஆல்பமாகக் காசுகள் சேர்ந்தன. கன்னையனிடம் பதினெட்டு வருஷத்தில் சேர்ந்தவை பதினொன்று. சோழர் காசு மூன்று, பாண்டியர் காசு மூன்று, நாயக்கர் காசு ஐந்து. ஒவ்வொன்றும் அச்சடித்தது அச்சடித்தபடி இருக்கும். சேரர் காசு மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காமல் என்ன, நாற்பதுக்கு மேல் வந்தன. ஒன்றில் கால் மூன்றுதான் தெரிந்தது. ஒன்றில் வில்லுக்கு நாண் இல்லை. ஒன்றில் ஓரம் ஒரு மயிரிழை தேய்ந்திருந்தது. எல்லாம் ரிஜெக்ட்.

"மண்ணுக்குள்ள ரெண்டாயிரம் வருசம் கெடந்ததுங்க, அது எப்படீங்க புதுசாட்ட இருக்கும்?" என்று மகுடேஸ்வரன் கேட்பார்.

"குறை தெரிஞ்சே எப்படீங்க வாங்கறது? அப்பறம் எடுத்துப் பாக்கறப்பெல்லாம் கண்ணு அங்கயே போயி நிக்குமுங்களே" என்பார் கன்னையன்.

வியாபாரிகள் அவருக்கு ரிஜெக்ட் கன்னையன் என்று பேர் வைத்துவிட்டு, காசு காட்டுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

கரூரிலிருந்து வருகிற பழனிமுத்து ஒருவர்தான் மிச்சம். போன ஆவணியில், மகுடேஸ்வரன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வராத ஒரு கூட்டத்தில், பழனிமுத்து கன்னையனைத் தனியாகக் கூப்பிட்டார். பருத்திப் பஞ்சில் சுற்றிய ஒரு சதுரக்காசை எடுத்து வைத்தார்.

"இதாங்க கடைசி. ஆத்துல மணல் சலிச்சுக் காசு எடுக்கற ஆளுங்க எல்லாம் வேற வேலைக்குப் போயிட்டாங்க. இனிமே நாங் கொண்டாறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

கன்னையன் லென்ஸை எடுத்தார். நாலு காலும் இருக்கிறதா, இருக்கிறது. தும்பிக்கை, தந்தம், வால், எல்லாம் இருக்கிறது. திருப்பினார். வில், நாண், அம்பு, மூன்றும் இருக்கிறது. நாலு ஓரமும் சரி. மூச்சை விடப்போகும்போது கண் அங்கே போய் நின்றது. யானை இருக்கிற பக்கத்தில் பச்சையாக ஒரு படிவு.

நாற்பது காசுகளைத் திருப்பிக் கொடுத்த கை இதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அரைமணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டுத் தனக்குள்ளேயே தீர்ப்பு எழுதினார். இது ஓட்டை இல்லை, கறை. கறை எடுத்தால் போய்விடும். பீஸ் பாஸ்.

பழனிமுத்து மாற்றாகக் கேட்டது அந்தப் பதினொன்றையும். கன்னையன் வீட்டுக்குப் போய் எடுத்துவந்து கொடுத்தார். "அத்தனையுமா?" என்று சித்ரகலா வாசல்வரை வந்து கேட்டதற்கு, "இது ஒண்ணு போதும் கண்ணு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

படம் எடுத்து மகுடேஸ்வரனுக்கு அனுப்பியிருக்கலாம். கறையோடு எப்படி எடுப்பது? சுத்தம் செய்த பிறகு நேரிலேயே கொண்டுபோய்க் காட்டி அந்த மனிதரின் வாயை அடைக்க வேண்டும் என்று இருந்தது. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கெமிக்கல் கன்னால் மூன்று முறை பீய்ச்சினார். பச்சை அசையவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு அனுப்பர்பாளையத்துக்குப் போனார். அங்கே பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் தங்கதுரை, அவருக்குத் தூரத்துச் சொந்தம்.

"செம்புதானுங்களே மாமா? ஆசிட்ல ஒரு முக்கு முக்குனா தங்கமாட்ட வந்துருமுங்க. ஆனா பழசுங்கறீங்க, யோசிச்சுக்குங்க" என்றான் தங்கதுரை.

"கறை மட்டும் போனாப் போதும் சாமி. காசுக்கு ஒண்ணும் ஆகாது."

தங்கதுரை காசைக் கம்பிக் கூடையில் வைத்து முக்கினான். சுர்ரென்று நுரை எழும்பியது. பச்சை கரைந்து போவதைக் கன்னையன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ கறை போவதைப் பார்த்தவர் அவர், இதுபோல மனம் குளிர்ந்து பார்த்ததில்லை. தண்ணீரில் அலசி அவர் உள்ளங்கையில் வைத்தான் தங்கதுரை.

செக்கச் செவேலென்று ஒரு செம்புத் துண்டு. கறை இல்லை. யானையும் இல்லை. திருப்பினார். வில்லும் இல்லை. குழிகுழியாக அரித்த ஒரு தகடு வெயிலில் மின்னியது.

தங்கதுரை ஆசிட் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், யானை உள்ளே விழுந்து கிடக்கும் என்பதுபோல. கன்னையன் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த குடத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். யாரைத் திட்டுவது? முக்கச் சொன்னது அவர் வாய்தான்.

அங்கிருந்து நேராக அவிநாசி போனார். மகுடேஸ்வரன் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று கன்னையன் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள இருந்த செம்பு என்னைக்கோ அரிச்சுப் போச்சுங்க. யானை நின்னுட்டிருந்ததே அந்தப் பச்சைக் களிம்புமேலதான். காசு பூராவும் மெல்லிசா அது படிஞ்சிருக்குமுங்க. நீங்க கறைன்னது அது கொஞ்சம் தடிச்சுப்போன எடம், அவ்வளவுதான்" என்றார்.

"மறுக்கா ஏதும் பண்ண முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

கடைக்கு வந்த ஒருவருக்கு இரண்டு பேனா எடுத்துக் கொடுத்துவிட்டு மகுடேஸ்வரன் தன் நோட்டை எடுத்தார். அவருக்கும் என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. "காசுதான் போச்சு, அது இருந்ததுன்னாவது எழுதி வெக்கலாமுங்க" என்று ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். "யானை எந்தப் பக்கமுங்க பாத்துட்டிருந்தது? வலதா, இடதா?"

கன்னையன் அந்தத் தகட்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சரி, தும்பிக்கை? மேல தூக்கியிருந்துதுங்களா, கீழ தொங்குச்சுங்களா?"

கண்ணை மூடிப் பார்த்தார். தும்பிக்கை இருக்கிறதா என்று பார்த்தது நினைவில் இருந்தது. இருக்கிறது என்று மனசுக்குள் டிக் போட்டதும் நினைவில் இருந்தது. அது எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவே இல்லை. மேல் மூலையில் தொடங்கி, ஒரு அரிசி நீளத்துக்கு, பாசிப்பயறு நிறத்தில், ஓரத்துப் பக்கமாக மெல்லிய வால்விட்டு இறங்கிய அந்தப் பச்சை மட்டும், இப்போது வரையச் சொன்னாலும் வரைந்துவிடுகிற மாதிரி துல்லியமாகத் தெரிந்தது.

"யானை இருந்துதுங்க" என்றார் கன்னையன். "எனக்கு அவ்வளவுதானுங்க தெரியும்."

மகுடேஸ்வரன் பேனாவுக்கு மூடி போட்டார். பிறகு எதுவும் எழுதாமல் நோட்டை மூடினார்.