புளி போட்டு மினுக்கிய கழுகு

இன்று பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நிலவறைகளைத் துப்புரவாக்கும் வேலை செய்கிற ஓர் அண்ணை என் மேசைக்கு வந்தார்.

"பழைய சாமான் கடையிலை வேலை செய்யிற தங்கச்சி நீங்கள்தானே? இது அசலோ எண்டு சொல்லுங்கோ."

ஒரு நிலவறையில் கிடைத்ததென்று அவர் நீட்டியது, முதலாம் உலகப் போர்க்கால ஜெர்மன் தலைக்கவசத்தின் முன்னால் பொருத்துகிற பித்தளைக் கழுகு.

போலிகளைப் பெரும்பாலும் வார்த்திருப்பார்கள். பின்பக்கம் தட்டையாக இருக்கும். இது மெல்லிய தகட்டில் அடித்தது. பின்பக்கத்தில் கழுகு குழியாகத் தெரிந்தது. பற்றவைத்த இரண்டு வளையங்களும் இருந்தன.

ஆனால் குத்துவிளக்கு மாதிரி மினுங்கியது. நூறு வருடக் கறுப்பைக் காணவில்லை.

"என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"மனுசி புளி போட்டு மினுக்கினவ. ஊத்தையாய்க் கொண்டுவரக் கூடாதெல்லே."

"பின்னாலை ஏதும் எழுதியிருந்ததோ?"

"ஓம், மையாலை ஒரு பேர். லேசிலை போகேல்லை. நான்தான் தேங்காய்த் தும்பாலை உரஞ்சி எடுத்தனான்."

"என்ன பேர்?"

"வாசிக்கேல்லை."

அசல் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கறுப்பும் பெயரும் போனபிறகு அப்படி எழுதித் தர முடியாது என்றேன்.

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வெறும் பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"ஊரிலை சண்டைக்குள்ளை காணாமல் போன என்ரை தம்பியின்ரை பேரை எத்தினை படிவத்திலை எழுதியிருப்பன். இஞ்சை ஆரோ ஒருத்தன்ரை பேரை நானே அழிச்சுப்போட்டன்."



வீட்டில் கறுத்த பித்தளை வைத்திருப்பவர்களே, புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மினுக்கிவிட்டவர்கள் கீழே சொல்லுங்கள். அண்ணைக்குத் துணை வேண்டும்.