சனிக்கிழமை எள்ளும் கம்பெனி நாயும்

நெருப்பெரிச்சலில் மகனுடைய பனியன் கம்பெனிக்கு மேல்மாடியில் எங்கள் குடித்தனம். சனிக்கிழமை தவறாமல் மொட்டைமாடியில் காக்காவுக்கு எள்ளுச் சாதம் வைப்பேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை கறுப்பு எள் தீர்ந்துபோனதால், வெள்ளை எள்ளை வறுக்காமல்கூட அள்ளிப் போட்டேன். ஷேடு சரியில்லை என்று சனி பகவான் திருப்பியா அனுப்பப்போகிறார்? காக்கா வரவில்லை. படியேறிக் கம்பெனி நாய் வந்தது. இலையையும் சேர்த்து நக்கியது. யாரோ ஒருத்தர் வயிறு நிறைந்ததே என்று இறங்கி வந்துவிட்டேன்.

ஷிப்மென்ட் அவசரம், மறுநாள் ஞாயிறும் வேலை. காலையில் மகன் கேட்டருகே அலறினான்.

"அம்மா, இங்க வாங்க! நாய் வயித்துல பூச்சிங்க. வெள்ளை வெள்ளையாக் கெடக்குது பாருங்க."

பார்த்தேன். நாய் போயிருந்ததில் கிடந்தது என் எள்தான். ஒன்றுகூட அரைபடவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

நாய் டாக்டருக்கு அனுப்பப் படம் எடுத்தான். பதற்றத்தில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிவிட்டான். அடுத்த நிமிஷம் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்ணின் குரல் குரூப்பில் வந்தது:

"அண்ணா, டார்க் பிரவுன்ல ஒயிட் ஸ்பாட் நெறைய இருக்குதுங்க. எந்த லாட்டுத் துணிங்க? லைனை நிறுத்தீட்டனுங்க."

கீழே மெஷின் சத்தம் அடங்கியது. மகன் முகம் சிவந்துவிட்டது.

"நாளைக்குச் சரக்கைப் பார்க்க பையர் வர்றாருங்கம்மா. இந்தப் பூச்சி நாய் இங்க ஆகாது. அவிநாசிபாளையம் தோட்டத்துல உட்டுட்டு வந்தர்றேன்."

நாயை வேனில் ஏற்றினான். இந்த வீட்டில் நான் பேசுவதை எழுந்து போகாமல் கேட்கிற ஆள் அது ஒன்றுதான்.

"அது பூச்சி இல்ல சாமி. எள்ளு. நாந்தான் போட்டேன்."

"எள்ளா? நாய்க்கா?"

"காக்கா லீவு, கண்ணு."

டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

"எள்ளு வெஷமில்லீங்க. முழுசாப் போட்டா முழுசாத்தான் வரும். வறுத்துப் பொடிச்சு, கால் ஸ்பூன், எப்பவாச்சும் போடுங்க. வாந்தி, அரிப்பு வந்தா நிறுத்தீருங்க. உப்பு, மொளகாயெல்லாம் போட்டீங்களாம்மா?"

"அது காக்காய்க்குப் போட்டதுங்க."

"இனி நாய்க்கு அதெல்லாம் வேண்டாமுங்க. தண்ணி நெறைய வையுங்க."

மகன் குரூப்பில் 'லாட் ஓகே' என்று மட்டும் போட்டான். எந்த லாட் என்று சொல்லவில்லை. வேன் கதவைத் திறந்து, "எறங்கு" என்றான்.

நாய் சீட்டில் சாய்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இழுத்தும் இறங்கவில்லை. கடைசியில் அவிநாசிபாளையம் வரை ஒரு ரவுண்டு கூட்டிப்போய்த்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. நானும் ஏறிக்கொண்டேன். ஜன்னல் சீட்டை அது எனக்கு விடவில்லை.