சண்முகவள்ளி வாசித்த கனால்

சண்முகவள்ளி பதினாறு வருஷம் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு டாக்டர் வீட்டில் பிள்ளை வளர்த்தவள். புருஷன் செத்த மறுவருஷம் நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தை விட்டுப் போனாள். டாக்டர் குடும்பம் கப்பலேறிய பிறகு, 1955-இல், ஒரு தகரப்பெட்டியோடு அண்ணன் நல்லுசாமி வீட்டுக்கே திரும்பி வந்தாள். டாக்டரின் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டியதில் பிரெஞ்சு பேசவும் வாசிக்கவும் வந்திருந்தது. ஊரில் அது கேலிக்குத்தான் உதவியது. களையெடுக்கப் போனால், "தொரசாணி வாரா, வழி விடுங்கடி" என்பார்கள். நல்லுசாமியும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு வருஷம் கழித்துச் சித்திரையில் அந்தச் சிரிப்பு நின்றது. கீழ்த்தோட்டமான நல்லுசாமியின் மல்லிகைத் தோட்டத்துக்கு, மேல்தோட்டத்துக் கூட்டுக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் வரவேண்டும். வாய்க்கால், மேல்தோட்டக்காரர் ராமரின் நிலத்துக்குள் ஓடியது. ஒரு நாள் காலையில் ராமர் அந்த வாய்க்காலை மண் போட்டு மூடி, அதன்மேல் ஏரும் ஓட்டிவிட்டார். நல்லுசாமி அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினார். எதிரே ராமரின் மச்சான்மார் நாலு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். அண்ணி கருப்பாயி தன் புருஷனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறியதில் அன்றைக்கு வெட்டு விழவில்லை.

இரண்டு தோட்டமும் ஒரு காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரிச் சாமியாருக்குச் சொந்தம். அவரிடமிருந்து இரு வீட்டுப் பாட்டன்மாரும் வாங்கியபோது, தண்ணீர் பற்றி அவர் தன் கைப்பட ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அது திண்டுக்கல் நாகல் நகரில், வக்கீல் சேதுபதி வீட்டில், அவருடைய அப்பா காலத்திலிருந்தே கிடந்தது. முழுக்கப் பிரெஞ்சு. இதுவரை யாரும் அதை வாசித்ததில்லை.

அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் போனார்கள். செம்பட்டி தாண்டியதும் நல்லுசாமி மெல்லச் சொன்னார்.

"வள்ளி, அதுல என்ன எழுதியிருந்தாலும் வாய்க்கால்னு சொல்லிரு. அம்புட்டுத்தான். செடி இன்னும் அஞ்சு நாள் தாங்காது."

"பாத்துட்டுச் சொல்றேண்ணே."

"என்னத்தப் பாக்குறது? ஒனக்குச் சோறு போடுறது அந்தத் தோட்டந்தான்."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வக்கீல் வீட்டில் ராமர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"இந்தம்மாவா வாசிக்கப் போகுது? அவரு கூடப்பொறந்தது. அவருக்கு ஏத்த மாதிரித்தான சொல்லும்?"

சேதுபதி கையமர்த்தினார். "நகலெடுத்துப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிச் சரிபாப்போம். பொய் சொன்னா தெரிஞ்சு போகும். ஆனா பதில் வர ஒரு மாசமாகும். இப்ப கேளுங்க."

சண்முகவள்ளி காகிதத்தை வாங்கி விரித்தாள். முதல் வரி கண்ணில் பட்டது. கீழ்த்தோட்டத்துக்குத் தண்ணீர் போக, மேல்தோட்டத்தின் வழியே ஒரு 'கனால்' உண்டு.

கனால். பாண்டியில் வெள்ளையர் தெருக்களையும் தமிழர் தெருக்களையும் பிரித்து ஓடிய பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பெயர்தான். ஆனால் சின்னப் பிள்ளைக்குச் சீழ் வடிந்தபோது டாக்டர் காதுத் துவாரத்தையும் கனால் என்றார். கண்ணீர் இறங்கும் நரம்பு போன்ற வழியும் அவருக்குக் கனால். மாடியிலிருந்து இறங்கிய ஈயக் குழாயை அவர் மனைவியும் அப்படித்தான் சொன்னாள். தண்ணீரோ வேறெதுவோ புகுந்து போகிற வழி எல்லாம் அவர்களுக்குக் கனால்.

அந்த வரியோடு நிறுத்தி வாய்க்கால் என்று சொன்னால், அது பொய்யாகவும் ஆகாது. மேஜைக்கடியில் அண்ணனின் கால் அவள் காலை அழுத்தியது. அவள் அடுத்த வரிக்குப் போனாள். அதை வாசித்து முடித்ததும் நிமிர்ந்தாள்.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் சேதுபதி.

"வாய்க்கால் இல்லைங்கய்யா. கொழாய். சுட்ட மண்ணுல செஞ்சது. ஒரு சாண் அகலம், முழங்கால் ஆழத்துல பொதைச்சதுன்னு போட்டிருக்கு."

நல்லுசாமியின் முகம் கறுத்துவிட்டது. "அடிப் பாவி!" என்று எழுந்தவரை வக்கீலின் குமாஸ்தா தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

ராமர் தொடையைத் தட்டினார். "கேட்டுக்கிட்டீகளா? அவரு தங்கச்சியே சொல்லிருச்சு! மேல வெட்டுன வாய்க்காலுக்குப் பாத்தியதை இல்ல. இனி எனக்கு வேற சாட்சி வேணாம். பாண்டிக்கும் அனுப்ப வேணாம்."

"அப்ப இந்தம்மா வாசிக்கிறதை முழுசா ஒத்துக்கிறீங்க?" என்று கேட்டார் சேதுபதி.

"ஒத்துக்கிறேன்."

"இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்றாள் சண்முகவள்ளி. விரலை அடுத்த வரியில் வைத்துச் சொன்னாள். "கொழாயைத் தோண்டிப் பாக்கவும் சரி பண்ணவும் கீழ்த்தோட்டக்காரருக்கு என்னைக்கும் உரிமை உண்டு. மேல்தோட்டக்காரரு தடுக்கக் கூடாது. ரெண்டு பேரும் கைநாட்டு வச்சிருக்காக."

சொன்ன சொல்லை ராமரால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் தோண்டினார்கள். ராமரின் மச்சான்மார் வரப்பில் நின்று பார்த்தார்கள். முழங்கால் ஆழத்தில் ஒன்றுமில்லை. "கட்டுக்கதை" என்றார் ஒருவர். நல்லுசாமி தங்கையைத் திரும்பி முறைத்தார். அவளே மண்வெட்டியை வாங்கிக் கிணற்றை ஒட்டி இன்னும் ஒரு சாண் வெட்டினாள். மண்வெட்டி 'ணங்'கென்றது. சிவப்பு ஓடு. எழுபது வருஷ மண் மேலே ஏறியிருந்தது.

குழாய் முழுக்க வேர். அது அடைத்த பிறகுதான் யாரோ மேலே வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். நாலு நாள் எல்லாரும் அரிந்து இழுத்தார்கள். உடைந்த இடத்துக்குச் சின்னாளப்பட்டிக் குயவரிடம் புதுத் துண்டு வாங்கிப் போட்டார்கள். ஐந்தாம் நாள் மாடு பூட்டிக் கமலை இறைத்தபோது முதலில் சேறு வந்தது, பிறகு தண்ணீர். வாய்க்காலில் வந்த அளவு வரவில்லை. பாதிச் செடி பிழைத்தது. மீதி நிலத்தில் நல்லுசாமி சோளம் விதைத்தார்.

ஆடி முடியும்வரை அவர் தங்கையோடு பேசவில்லை. கருப்பாயிதான் சோற்றுத் தட்டை நீட்டும்போது, "அவருக்குக் கோவம் வள்ளி. மத்தபடி அருவாள் பரண்லயே கெடக்கு, அது போதும் எனக்கு" என்றாள்.

ஆவணியில் சேதுபதி ஆள் அனுப்பினார். பேகம்பூர் மீரானின் அப்பா சைகோனில் கடை வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன பிரெஞ்சுக் காகிதங்களை வாசிக்க ஆள் வேண்டுமாம். சண்முகவள்ளி தகரப்பெட்டியைக் கட்டினாள். நல்லுசாமி அதைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். பஸ் கிளம்பும்போது, "பொங்கலுக்கு வந்துரு" என்றார். நாகல் நகரில் ஒரு அறையில் குடியேறி, 1968 வரை அவள் பிரெஞ்சுக் காகிதம் வாசிக்கும் தொழில்தான் செய்தாள்.