மாலை போட்ட ஆடு

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்த அதிர்ச்சியே பலருக்கு இன்னும் தீரவில்லை. அதற்குள் ராயபுரத்தில் எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச்சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அடுத்த குண்டைப் போட்டார். வனத்து அந்தோணியார் திருநாளன்று வண்டி மாடுகளைக் கோயில் வாசலில் நிறுத்தி மந்திரிப்பது எங்கள் வழக்கம். இந்த வருடம் வீட்டில் வளர்க்கும் எந்த ஜீவனையும் உள்ளேயே கூட்டி வாருங்கள், பூசை முழுக்க உங்களோடு இருக்கட்டும் என்றார். என் பின்னால் இருந்த அம்மாள், "நாயும் பூனையும் வந்து இன்னா பூசை பாக்கப்போவுது, கலீஜ் பண்ணித்தான் வெக்கும்" என்று முணுமுணுத்தாள். எனக்கோ உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

காரணம், எங்கள் வீட்டுக் கிடாக்குட்டி. தாய் செத்துப்போன குட்டியைத் திருவொற்றியூரிலிருந்து அம்மா மடியில் வைத்து ரயிலில் எடுத்து வந்தாள். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது நான். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவர். அவருக்கும் ஆட்டுக்கும் ஆகவே ஆகாது. கொடியில் காய்ந்த அவருடைய காக்கிச் சட்டையின் காலரை அது பாதி தின்றிருந்தது. "தின்னு, நல்லா தின்னு. ஈஸ்டருக்குப் பிரியாணி நீதான்" என்று தினமும் அதனிடம் சொல்வார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மந்திரித்த ஆட்டை எவனாவது அறுப்பானா? தீர்த்தம் ஒரு சொட்டு மேலே பட்டால் என் ஆடு பிழைத்தது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

திருநாளன்று விடிந்ததும் விடியாததுமாக ஆட்டுக்குச் சோப்பு போட்டேன். என் பள்ளிக்கூட ரிப்பனைக் கொம்பில் கட்டினேன். அம்மாவுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது; கதம்பம் வாங்கி அதன் கழுத்துக்கு மாலை கட்டினாள்.

அப்படி ஒரு பூசையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அக்குளில் சேவலோடு ஆண்கள், முந்தானைக்குள் பூனையோடு பெண்கள். குதிரைவண்டிக் குதிரை மட்டும் படி ஏறமாட்டேன் என்று வாசலிலேயே நின்று தலையை உள்ளே நீட்டியிருந்தது. ஆர்மோனியம் தொடங்கியதும் நாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. பாட்டுக்குழு விடாமல் பாடியது, நாய்களும் விடவில்லை. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது கோயிலே மூச்சடங்கி முழங்காலில் இருக்க, டீக்கடைக்காரரின் கிளி கூண்டுக்குள்ளிருந்து "ரெண்டு டீ" என்று தெளிவாகச் சொன்னது. சாமியாரின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்கு வயிறு வலித்தது.

சாமியார் கையால் அப்பம், அதாவது நன்மை, வாங்கப் போகும்போது ஆட்டைக் கடைசி பெஞ்சின் காலில் கட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் ஆடு இல்லை.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அதை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கொடிமரத்தில் கட்டியிருந்தார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. நேர்ச்சையாகக் கொடுக்கும் ஆட்டுக்குத்தான் எங்கள் கோயிலில் மாலை போடுவார்கள். அது ஊருக்கே தெரியும், எங்களுக்கும் தெரியும், அன்றைய கூத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. கொடிமரத்தில் கட்டியாகிவிட்டால் ஆடு அந்தோணியாருடையது. பூசை முடிந்ததும் ஏலம்தான். ஏலத்தில் ஆடுகளை எடுக்கப் புளியந்தோப்பிலிருந்து கறிக்கடை பாய் வருடா வருடம் வருவார். அன்றும் கொடிமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, மாலைய நான்தானே கட்டனேன். புனிதருக்குக் குடுத்தத எப்டிடி திருப்பிக் கேக்கறது?"

சாமியார் முற்றத்தைச் சுற்றி வந்து தீர்த்தம் தெளித்தார். என் ஆட்டின் மூக்கிலேயே பெரிய சொட்டாக விழுந்தது, அது நக்கிக்கொண்டது. என் சட்டம் மட்டும் செல்லுபடியாகவில்லை.

கோயில்பிள்ளை ஏலத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு ஆடாகப் பாய் பக்கம் போனது. என் ஆட்டின் கயிற்றைக் கோயில்பிள்ளை அவிழ்த்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல் கண்டு, அம்மா என்னை இதே கொடிமரத்தடியில் அந்தோணியாருக்குக் கொடுத்துவிட்டாள். அப்படிக் கொடுத்த பிள்ளையை ஏலத்தில்தான் மீட்க வேண்டும். அந்த ஏலத்தில் அப்பன் யார் என்று கேட்பார்கள். அப்பன் கையைத் தூக்குவான். அதற்குமேல் வேறு யாரும் கேட்கக் கூடாது, அதுதான் மரியாதை. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான்.

ஓடிப்போய் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "என்னியும் இங்கதான ஏலம் வுட்டீங்க. நைனாதான எடுத்தாரு. இதுவும் எங்க வூட்டுப் புள்ளதான். புள்ள ஏலமா வுடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கோயில்பிள்ளை சாமியாரைப் பார்த்தார். வெளியூர்க்காரரான சாமியாருக்கு இந்த வழக்கம் தெரியாது, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "எல்லாத்தையும் உள்ளே கூப்பிட்டது நான்தானே. அப்படியே கேளுங்க" என்றார்.

கோயில்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்தப் புள்ளைக்கு அப்பன் யாரு?"

மதில் ஓரத்தில் நைனா தன் ஹார்பர் சகாக்களோடு நின்றிருந்தார். அவர்கள் அவர் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை மறுபடியும் கேட்டார். பாய் ஆட்டின் முதுகைப் பிடித்துச் சதை பார்த்தார். நான் ஆட்டின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

நைனாவின் கை மெதுவாக மேலே வந்தது.

"நாந்தான்" என்றார்.

முற்றமே அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். பாய் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "புள்ளைனு மொதல்லியே சொல்லக்கூடாதா நைனா? நான் பாட்டுக்கு முதுவப் புடிச்சிப் பாத்துகினு கீறேன்."

அன்றிலிருந்து ஹார்பர் முழுக்க அவருக்கு 'ஆட்டு நைனா' என்றுதான் பெயர். வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆட்டை மறுபடியும் திட்டத் தொடங்கிவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தவக்காலம் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் அம்மா கேட்டேவிட்டாள். "நாளைக்கு இன்னா பண்றது? ஆட்டை..."

நைனா பாதிக் காலர் போன காக்கிச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊருக்கு முன்னாடி அப்பன்னு கை தூக்கிட்டேன். இனிமே எப்டிம்மே அறுக்கறது" என்று சொல்லிவிட்டு, மீன் வாங்கி வரப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.